கீழே கட்டிய தடித்த கம்பி

பாடகனை என் வீட்டுக்கு வரவழைத்துத்தான் படம் எடுக்க வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றேன். கல்லூரிப் படிப்புக்காக ராக் இசையைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் அந்தப் பெண்ணிடம் காரணம் சொல்லவில்லை. என் தம்பியின் கிட்டார் இருக்கிறது என்றேன். அதுவே அவளுக்குப் போதும்.

எங்கள் பக்கம் அந்த இசை கால் ஊன்றியது ஒரே ஒரு இசைத்தட்டால். பாடியது அவன், கிட்டார் வாசித்தது தம்பி. ஆனால் அட்டைப் படத்தில் தம்பியின் சிவப்புக் கிட்டாரை மாட்டிக்கொண்டு நின்றவன் அவன். தம்பி போய்ச் சேர்ந்தபின், வாசித்ததும் தானே என்று சொல்லித் திரிந்தான். போன வருடம் வானொலியில், "பீச்சாங்கைன்னு ஒருத்தன் இருந்தான், பொட்டி தூக்குவான்" என்று சிரித்தான். எங்கள் குடும்பத்தில் எவனும் எவனுக்கும் பெட்டி தூக்கியதில்லை.

தம்பிக்கு இடதுகைப் பழக்கம். சாதாரண கிட்டாரைத் திருப்பிப் பிடித்து, கம்பிகளையும் தலைகீழாக மாற்றிக் கட்டியிருந்தான். படத்துக்கு நிற்பதைத் தவிர வேறெதற்கும் அதை யாருக்கும் தந்ததில்லை. நான் அதே வரிசையில் புதுக் கம்பி கட்டி, சுருதி சேர்த்து வைத்திருந்தேன்.

பாடகன் சாயம் பூசிய தலையுடன் வந்தான். கிட்டாரைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"இதுலதாம்மா அந்த ரெக்கார்டையே வாசிச்சேன். என் கை மாதிரி எனக்கு இது."

அவள் ஆசையாக வாசிக்கச் சொன்னாள். அவன் மடியில் வைத்து மீட்டினான். தடித்த கம்பி இருக்க வேண்டிய இடத்தில் மெல்லிய கம்பி கீச்சென்றது. விரலை மாற்றினான், இன்னும் மோசம். சுருதி போய்விட்டது என்றான். ஒலிப்பதிவு செய்த மாணவன் ஒவ்வொரு கம்பியாகத் தட்டிப் பார்த்து, சுருதி சரியாகத்தான் இருக்கிறது, கம்பிதான் இடதுகைக்காரருக்குக் கட்டியது என்றான்.

பாடகன் முகத்தில் ஈயாடவில்லை. "அண்ணே, கேமராவ நிறுத்தச் சொல்லுங்க."

"யார் வாசிச்சதுன்னு சொல்லு. நிறுத்தச் சொல்றேன்."

தரையைப் பார்த்தபடி சொன்னான். "பீச்சாங்கைதான் வாசிச்சான்."

"பொட்டி?"

கிட்டாரை மடியிலிருந்து இறக்கி வைத்தான். "நான்தான் தூக்குவேன்."

நிறுத்தச் சொன்னேன். அவன் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனான்.

பெண்ணுக்கு மனது கேட்கவில்லை. உண்மையைத்தான் சொல்லிவிட்டாரே, அவர் திணறியதை மட்டும் வெட்டிவிடலாமா என்று கேட்டாள்.

"நிறுத்தச் சொல்றேன்னுதாம்மா சொன்னேன். வெட்டச் சொல்றேன்னு சொல்லல."

அவன் கைபட்ட இடத்தையெல்லாம் ஈரத்துணியால் துடைத்து, கிட்டாரை உறையில் போட்டேன்.