மருதாணிப் புள்ளி வைத்த கேசட்

தாமிரபரணித் தண்ணீர் ரைஹானத்தை நனைப்பதில்லை. கிணற்றுத் தண்ணீர் நனைக்கும், மழை நனைக்கும், திருச்செந்தூர்க் கடலில் இறங்கினால் பாவாடை முழங்கால்வரை ஊறும். ஆற்றுத் தண்ணீர் மட்டும் அவள் மேலும் அவள் உடுத்திய துணி மேலும் ஒட்டாது, சேம்பிலையில் விழுந்ததுபோல உருண்டு ஓடிவிடும். ஏழு வயதில் மேலப்பாளையத்துப் பெண்களோடு ஆற்றுக்குக் குளிக்கப் போனபோது அவளுடைய உம்மா ஜமீலா பீவி இதைக் கண்டுபிடித்தாள். கண்டவள் கூச்சல் போடவில்லை. உலர்ந்த தலையையே எல்லாரும் பார்க்கும்படி அழுந்தத் துவட்டிவிட்டு, "இத ஒருத்தர்ட்டயும் சொல்லிராத. கட்டிக்கப் போறவன்ட்ட சொல்லவே சொல்லாத" என்றாள். ஓதிக்கொடுக்கும் ஹஜ்ரத்திடம் ஜாடையாகக் கேட்டதற்கு, தொழுகைக்கு ஒளு எடுக்கக் கிணறு இருக்கும்போது என்ன கவலை என்றார். விஷயம் அத்தோடு முடிந்தது.

1991இல் பேட்டை தாஜ் முகம்மதுவுக்கு அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். நாற்பது நாள் கூட இருந்துவிட்டு அவன் சவுதியில் இருக்கும் தம்மாமுக்கு விமானம் ஏறினான். அந்த நாற்பது நாளில் அவனைப் பற்றி அவள் அறிந்தது, விடியுமுன் எழுந்து அறையைத் தானே கழுவி, பாயை வெயிலில் போடுகிற சுத்தக்காரன் என்பதுதான். அவளைப் பற்றி அவன் அறிந்தது, வாசலில் குழாய் இருந்தும் கொல்லைக் கிணற்றில் இறைத்துக் குளிக்கிற உழைப்பாளி என்பது. மாமியார் ஜுபைதா பீவி இருவரையும் தெரு முழுக்க மெச்சினாள், மகனைக் கொஞ்சம் அதிகமாகவே. குழாயில் வருவதும் ஆற்றுத் தண்ணீர்தான் என்பதை யாரும் யோசிக்கவில்லை.

அந்தக் காலத்தில் பேட்டையில் கடுதாசி எழுதுகிறவர்கள் குறைவு. சவுதியிலிருந்து வருகிறவர் பெட்டியில் பத்துப் பன்னிரண்டு கேசட் வரும். அவர் திரும்பிப் போகும்போது அதே கேசட்டுகள் குரல் மாறிப் போகும். ஒரு பக்கம் வீட்டுக்கு, மறுபக்கம் பெண்சாதிக்கு என்பது எழுதாத சட்டம். வீட்டுப் பக்கத்தை முற்றத்தில் டேப் ரிக்கார்டரை வைத்துத் தெருவே கேட்கும். அங்கேயும் அப்படித்தான். தம்மாமில் ஓர் அறையில் இருந்த எட்டுப் பேரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து, சோற்றுத் தட்டோடு உட்கார்ந்து எல்லாருடைய வீட்டுப் பக்கத்தையும் கேட்பார்கள். தன் பக்கம் எது என்று தெரிய ரைஹானத் கேசட்டின் காகிதத்தில் சின்னதாக ஒரு மருதாணிப் புள்ளி வைத்து அனுப்புவாள். அதைத் தாஜ் தனியாகக் கேட்டுக்கொள்வான்.

மூன்றாவது கேசட்டில் அவன் கேட்டான்: "எல்லாவனும் பொண்டாட்டியப் பத்திப் பேசுதான். எனக்குப் பேச ஒண்ணுமில்ல. ஒன்னப் பத்தி எனக்குத் தெரியாத ஒண்ணு சொல்லு புள்ள." சொன்னாள். புளியங்கொட்டையை வறுத்து ஒளித்துவைத்துத் தின்பாள். யாரும் பார்க்காதபோது இடது கையால் எழுதுவாள். எட்டாம் வகுப்பில் பக்கத்துப் பெண் தனியாக அழக்கூடாதென்று கணக்கில் வேண்டுமென்றே தோற்றாள். பதிலுக்கு அவன் தனக்கு அல்வா பிடிக்காது என்றான். திருநெல்வேலிக்காரன் வெளியே சொல்லக்கூடிய விஷயமா அது! ஒட்டகத்தைக் கண்டால் தொடை நடுங்கும் என்றான். இப்படி இரண்டு வருஷம், கேசட்டுக்கு ஒன்றாகச் சொல்லிச் சொல்லி, நாற்பது நாளில் சரியாகப் பார்த்திராத புருஷனை அவள் காதால் பார்த்துவிட்டாள். பிற்பாடு எத்தனையோ நல்லது நடந்தும், அந்த இரண்டு வருஷத்து இனிப்பு அவளுக்கு வேறெதிலும் கிடைக்கவில்லை. சொல்லாமல் வைத்திருந்தது ஒன்றே ஒன்று. சொன்னால் தன்னை வேண்டாமென்று விட்டுவிடுவானோ என்று பயந்தாள். சொல்லாமல் இருந்தால் அதுவரை சொன்னதெல்லாம் பொய்போலத் தோன்றியது.

1994 தொடக்கத்தில் ஒரு மத்தியானம், மாமியார் கண்ணயர்ந்த நேரம், துணிந்து பேசி முடித்தாள். உள்ளே ஜுபைதா பீவி இருமிக்கொண்டு எழுந்தாள். பதற்றத்தில் ரைஹானத் புள்ளியை மறுபக்கத்தில் வைத்துவிட்டாள்.

அந்த வெள்ளிக்கிழமை தம்மாமில் எட்டுத் தட்டுகளுக்கு நடுவே அவள் குரல் கேட்டது: "மச்சான், ஆத்துத் தண்ணி என்னிய நனைக்காது. சின்னதுலருந்தே அப்படித்தான். வேண்டாம்னு தோணுச்சுன்னா சொல்லிருங்கொ." தாஜ் எழுந்து நிறுத்துவதற்குள் எல்லார் காதிலும் விழுந்துவிட்டது. மற்ற ஏழு பேரும் ஊருக்கு ஏழு கேசட் அனுப்பினார்கள், எல்லாவற்றிலும் வீட்டுப் பக்கத்தில் இதுதான் செய்தி. மாதம் முடிவதற்குள் வள்ளியூரிலிருந்துகூட ஒருத்தி பஸ் ஏறி வந்து ரைஹானத்தைப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜுபைதா பீவி குழாயில் ஒரு செம்பு பிடித்து மருமகள் தலையில் ஊற்றினாள். தரை நனைந்தது, தலை நனையவில்லை. செம்பைக் கீழே போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்து, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

"என்ன மாமி?"

"ஒண்ணுமில்ல. சொல்ல வேண்டியவன் சொல்லட்டும்."

அந்தச் சிரிப்புக்கு அர்த்தம் தெரியாமல் ரைஹானத் செம்பை எடுத்துக் கழுவி வைத்தாள். பார்க்க வந்த பெண்களோ, பார்த்த கையோடு தங்கள் விஷயங்களைச் சொல்ல ஆரம்பித்தார்கள். அடுத்த தெரு ஞானம்பாள், தன் இடது காதில் பிறந்ததிலிருந்து கடல் இரைகிறது என்றாள். பீடி சுற்றும் ஒருத்தி, தான் கொட்டாவி விட்டால் கடிகாரம் நின்றுவிடும் என்றாள். விட்டுக் காட்டினாள், நின்றது. ஆனால் தாஜிடமிருந்து ஐந்து மாதம் கேசட் வரவில்லை. சவுதியிலிருந்து யார் வந்தாலும் பெட்டி திறக்கும்வரை ரைஹானத்துக்குச் சோறு இறங்காது. ஜமீலா பீவி இரண்டு முறை வந்து, "அப்பவே சொன்னேன்லா? பொறப்படு" என்று கூப்பிட்டாள்.

"அவொ வாயால சொல்லட்டும் உம்மா" என்று அவள் நகரவில்லை.

ஜூனில் கேசட் வந்தது. புள்ளி கிள்ளி ஒன்றுமில்லை. வழக்கம்போல முற்றத்தில் தெருவே கூடி வீட்டுப் பக்கத்தைப் போட்டது. "ஏ புள்ள, ஒன் விஷயம் ஊருக்கே தெரிஞ்சிபோச்சு. அதனால என் விஷயத்தயும் எல்லாரும் கேக்கவே சொல்லுதேன். நான் தூங்குனா எம் மேலருந்து ஆத்துத் தண்ணி ஊறும். அஞ்சு மாசமா பேசிப் பேசி அழிச்சேன், வெக்கம். அந்த நாப்பது நாளும் நீ நனைஞ்சு எந்திரிச்சிருவியோன்னு செத்துப் பொழச்சேன். நீ ஒரு நாளும் நனையல. ஏன்னு இப்பந்தான் தெரியுது."

தம்மாம் அறையில் இருந்தவர்கள் இத்தனை வருஷம் பாய் நனைவதை வேறு வியாதி என்று நினைத்து, மரியாதைக்குப் பேசாமல் இருந்தார்களாம். விஷயம் தெரிந்ததும் ஒருவர் ஈரப் பாயை முகர்ந்து, "ஏலே, நம்ம ஆறுலா இது!" என்றாராம். எட்டுப் பேரும் அந்தப் பாலைவனத்தில் ஒரு பாயை மாற்றி மாற்றி முகர்ந்து அழுதிருக்கிறார்கள்.

முற்றத்தில் ஜுபைதா பீவி டேப் ரிக்கார்டரை நிறுத்தினாள். "இருவத்தெட்டு வருசமா பாய் காயப்போட்டவ நானுல்லா" என்றாள். ரைஹானத் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம்.

1996இல் தாஜ் வேலையை விட்டு ஊரோடு வந்துவிட்டான். வெள்ளிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டுப் படுத்தால் பாயில் அவன் பாதி தொப்பலாக நனைந்திருக்கும், அவள் பாதியில் அவள் உலர்ந்து கிடப்பாள். தண்ணீர் தரையோடு ஓடிக் கொல்லைக் கறிவேப்பிலைக்குப் போகும். கோடையில் குழாய் வராத நாட்களில் பக்கத்து வீட்டார் குடத்தோடு வந்து கதவைத் தட்டுவார்கள்.

"பைய பேசுங்கொ" என்று ரைஹானத் குடத்தை வாங்கி வைப்பாள். "இப்பந்தான் கண்ணசந்திருக்காவொ. ஒரு மணி நேரம் கழிச்சு வாங்கொ."