நாற்பத்து நாலில் ஒரு கோடு

ஒரே வீட்டுக்கு வாழ்க்கைப்பட்ட இரண்டு பேர் ஒரே ஆய்வகத்தில் வேலை பார்க்கவே கூடாது. கொழுந்தனாருக்குப் பெண் பார்த்தபோது, "கெமிஸ்ட்ரி படிச்ச பொண்ணு, உனக்குப் பேச்சுத்துணையா இருப்பா" என்றார் என் மாமியார். கல்யாணமான கையோடு அவளை எங்கள் ஆய்வகத்தில் சேர்த்துவிட்டதும் நான்தான். யாரை நொந்து என்ன பயன்?

எங்கள் வேலை இதுதான்: உலோக அணு ஒன்றின் மேல் நைட்ரிக் ஆக்சைடை உட்காரவைப்போம். உடம்புக்குள் போனதும் அது நைட்ராக்சிலாக மாறி இறங்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே ஒரு ஹைட்ரஜன்தான் வித்தியாசம். ஆனால் தளர்ந்துபோன இதயத்தைத் தூக்கி நிறுத்தும் என்று நாங்கள் நம்புவது இரண்டாவதைத்தான். நான் வருடக்கணக்கில் ருத்தீனியம் என்ற உலோகத்தோடு மல்லுக்கட்டினேன். என் ஓரகத்தி வந்தாள், சாதாரண இரும்பை எடுத்தாள், சட்டென்று ஒரு சேர்மத்தைச் செய்துவிட்டாள். ஆய்வகத்தை நடத்தும் சார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடாத குறைதான்.

வீட்டிலும் அதே கூத்து. நான் பிசைந்த மாவு கல், அவள் பிசைந்தது பஞ்சு. அவளோடு பேசுவதை நான் எப்போதோ குறைத்துக்கொண்டேன். உப்பு எங்கே, சாவி எங்கே, அவ்வளவுதான்.

எலிகளுக்குக் கொடுத்துப் பார்க்க ஒரே ஒரு சேர்மம் அனுப்புங்கள் என்று இதய ஆராய்ச்சிக் குழு கேட்டிருந்தது. என்னுடையதா, அவளுடையதா என்று வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் முடிவாகும். என்னுடையதுதான் போக வேண்டும். அதற்காக எதையும் செய்யத் தயாராக இருந்தேன்.

நைட்ராக்சிலை நேராகப் பிடித்து வைக்க முடியாது. இரண்டு மூலக்கூறுகள் சந்தித்தால் சேர்ந்து சிரிப்பூட்டும் வாயுவாகிவிடும். நாங்கள் இருவரும் சந்தித்தால் யாருக்கும் சிரிப்பு வராது, அது வேறு விஷயம். அந்த வாயு வந்தால் நைட்ராக்சில் வந்ததாகக் கணக்கு. எடை பார்க்கும் கருவியில் அது நாற்பத்து நாலில் ஒரு கோடாக விழும்.

அவள் சாப்பிடப் போயிருந்தபோது அவள் திரையை எட்டிப் பார்த்தேன். நாற்பத்து நாலில் அத்தனை உயரத்துக்கு ஒரு கோடு. வயிறு பற்றி எரிந்தது. அப்புறம்தான் உறைத்தது: கார்பன் டை ஆக்சைடின் எடையும் நாற்பத்து நாலு. ரத்தத்தில் சோடா உப்பு இருப்பதால் சேர்மத்தைச் சோதிக்கும் கரைசலிலும் இருவரும் அதைப் போடுகிறோம், அதிலிருந்து அந்த வாயு வரலாம். நான் சேர்மம் போடாமல் வெறும் கரைசலைக் கருவியில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், ஒன்றும் வரவில்லை. அவள் அதைச் செய்த அடையாளமே இல்லை. மாட்டினாயடி என்று நினைத்துக்கொண்டேன்.

காதோடு சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எல்லார் முன்னாலும் அவள் மூக்கு உடைய வேண்டும்.

கூட்டத்தில் நிதானமாகக் கேட்டேன். "இது கார்பன் டை ஆக்சைடு இல்லன்னு எப்படிச் சொல்றே?"

"எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்துச்சுக்கா. அதான் கனமான நைட்ரஜனை வச்சுத் திரும்பச் செஞ்சேன்." அடுத்த படத்தைக் காட்டினாள். சிரிப்பூட்டும் வாயுவில் இரண்டு நைட்ரஜன், ஒவ்வொன்றும் ஓர் எண் கூடுதல் கனம்; கோடு நாற்பத்தாறுக்கு நகர்ந்திருந்தது. நைட்ரஜனே இல்லாத வாயு அப்படி நகராது.

சார் என் பக்கம் திரும்பினார். "நல்ல கேள்விம்மா. உங்களோடதையும் இப்படிப் பார்த்துட்டா என்ன?"

"வேணாம் சார்" என்று அவள் குறுக்கே விழுந்தாள். "அக்கா வெறும் கரைசலை ஓட்டிருக்காங்க. அது போதும்."

பயந்துவிட்டாள் என்று நினைத்தேன். "ஏன் வேணாம்? தாராளமா பார்க்கலாம்" என்றேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பது இதுதான்.

சார் முடிவைத் தள்ளி வைத்தார். அடுத்த வாரம் கனமான நைட்ரஜனோடு என் சேர்மத்தை என் கையாலேயே செய்து ஓட்டினேன். நாற்பத்தாறில் ஒன்றும் இல்லை. கோடு நாற்பத்து நாலிலேயே அசையாமல் நின்றது. என் சேர்மம் ஓர் அமில உப்பு. சமையல் சோடாவில் எலுமிச்சை பிழிந்தால் பொங்குமே, அத்தனை நாளும் அதைத்தான் நைட்ராக்சில் என்று கொண்டாடியிருக்கிறேன். வெறும் சோடாவை ஓட்டினால் பொங்குமா என்ன?

அவள் பின்னால் வந்து நின்றாள். அவளுக்கு ஆச்சரியமே இல்லை.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்க்கா. எனக்கு வாங்கின நைட்ரஜன்ல கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. உங்களுக்கு உதவுமேன்னு உங்க சேர்மத்தையும் செஞ்சு பார்த்தேன்."

"அப்போ வீட்டுல சொல்லித் தொலைச்சிருக்கலாமே. நானும் அதே வீட்டுலதானே இருக்கேன்?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன். நீங்கதான் சாவி எங்கேன்னு கேட்டுட்டு எழுந்து போயிட்டீங்க."

அவளுடைய இரும்புச் சேர்மம்தான் எலிகளுக்குப் போயிற்று. அது போகட்டும், ஆற்றிக்கொள்வேன். என் குட்டு வெளியே வராமல் காப்பாற்ற எல்லார் முன்னாலும் "வேணாம் சார்" என்றாளே, அந்த மனசு எனக்கு இல்லையே என்றுதான் இன்னும் வயிறு எரிகிறது.