நாலாயிரம் சுற்று

"ரெனால்ட், காலை எடு! எஞ்சின் வெடிக்கப் போகுது!"

பக்கத்து வீட்டுச் சவுந்தரநாயகம் ஒழுங்கையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் ஆட்டினார். உள்ளே, கணவனின் தலைமாட்டில் எரிந்து முடிந்த மெழுகுதிரியை ஐறீன் மாற்றிக்கொண்டிருந்தாள். வெளியே மொறிஸ் மைனர் கார் உறுமியது. சத்தம் உயர்ந்துகொண்டே போய், திடீரென்று அறுந்து அறுந்து விக்கியது. ரெனால்ட் காலை எடுத்தான். மறுபடியும் மிதித்தான். அதே இடத்தில் அதே விக்கல்.

"உன்ர டடி செத்தது இதுக்கும் தெரிஞ்சிட்டுது தம்பி," என்றார் சவுந்தரநாயகம். பிளாஸ்டிக் கதிரைகளில் இருந்தவர்களில் ஒருவர் சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். மாதம்பிட்டிச் சேமக்காலைக்குப் போகிற வழியில் பிணவண்டிக்குப் பின்னால் பேர்னாட்டின் மொறிஸ் போக வேண்டும் என்று மகன் பிடிவாதமாக நின்றான். ஐறீன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவளுடைய கவலை வேறு. பெட்டி மூடுவதற்குள் அவளுக்கு ஒரு விஷயம் தெரிய வேண்டும்.

எட்டு மாதமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் பேர்னாட் வெள்ளவத்தைக்குப் போனார். கார் வேலை என்றார். திரும்பி வரும்போது சட்டையில் கிறீஸ் மணக்கவில்லை, வேறு ஏதோ எரிந்த மணம் இருந்தது, சாம்பிராணி மாதிரி. பிறகு ஒரு நாள் பின்கதவுப் படியில் உட்கார்ந்து போனில் சிரித்தார். நாற்பத்தொரு வருடத்தில் ஐறீன் கேட்காத சிரிப்பு, வயிறு குலுங்க, கண்ணீர் வர. அவர் குளிக்கப் போனதும் போனை எடுத்துப் பார்த்தாள். 'பஸீஹா'. அந்தப் பெயர் வாரத்துக்கு மூன்று தரம் இருந்தது.

அவள் கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமை அவருடைய சட்டையை மினுக்காமல் விட்டாள், அவ்வளவுதான். அவர் கசங்கிய சட்டையோடு போனார். வியாழன் விடிய, முகம் கழுவப் போனவர் பேசினைப் பிடித்தபடியே சரிந்தார்.

நேற்று அந்தப் போன் இரண்டு தரம் அடித்தது. ஐறீன் எடுக்கவில்லை. மூன்றாம் தரம் ரெனால்ட் எடுத்துச் செய்தியைச் சொல்லிவிட்டான்.

அதனால் கறுப்பு அபாயா அணிந்த பெண் வாசலில் செருப்பைக் கழற்றியபோது, யார் என்று யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ஐம்பது வயது இருக்கும். மூக்குக்கண்ணாடி நூலில் தொங்கியது. ஆட்காட்டி விரலில் பழைய சூட்டுத் தழும்பு. அழகியாக இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும் என்று ஐறீனுக்குத் தோன்றியது. அந்தப் பெண் கிட்ட வந்ததும் அதே எரிந்த மணம் வந்தது.

பஸீஹா பெட்டியின் கால்மாட்டில் நின்றாள். ஜெபமாலை சுற்றிய கைகளை வெகுநேரம் பார்த்தாள்.

"விரல எல்லாம் கழுவிட்டாங்க," என்றாள் மெல்ல.

காலையில் ஐறீனும் அதைத்தான் நினைத்தாள். நகக்கண்ணில் எப்போதும் இருக்கும் அந்தக் கறுப்பு இல்லாமல், அவை யாரோ ஒருவருடைய கைகள் போலிருந்தன. அதை இவளும் கவனித்ததை ஐறீனால் பொறுக்க முடியவில்லை.

வெளியே கார் மறுபடியும் விக்கியது. பஸீஹா திரும்பினாள்.

"மகனா மிதிக்கிற? அது பழுது இல்ல. அப்படித்தான் செய்யும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தானே செஞ்ச."

இரண்டு பெண்களும் ஒழுங்கைக்கு வந்தார்கள். ரெனால்ட் பொனட்டைத் திறந்து வைத்திருந்தான். ஐந்து தடித்த வயர்கள் முளைத்த கறுப்பு மூடியை பஸீஹா தொட்டாள்.

"இது டிஸ்ட்ரிபியூட்டர், எஞ்சினுக்குத் தீப்பொறி குடுக்கிற. பழைய பொயின்ற்ற கழற்றி எலெக்ட்ரோனிக் போட்டது அவர்தான். போன வருஷம். பொறகு என்ட கடைக்கு வந்தார். ரேடியோ, இன்வேட்டர் திருத்துற சின்னக் கடை. இதுக்குள்ள ஒரு ரெவ் லிமிட்டர் வைக்க ஏலுமா என்டு கேட்டார். நிமிஷத்துக்கு நாலாயிரம் சுத்துக்கு மேல போனா, அது தீப்பொறிய நிப்பாட்டும். சுத்து கொறஞ்சா திரும்ப விடும். அதான் இந்த விக்கல். இத்தினூண்டு இடம், ஈயம் பத்தவெச்சு பத்தவெச்சு மூணு போர்ட் எரிஞ்சு போச்சு. போன சனிக்கிழமதான் சரி வந்த."

"மொறிஸுக்கு ஏன் லிமிட்டர்?" என்றான் ரெனால்ட். "டடி நாப்பதுக்கு மேல ஓட மாட்டாரே."

பஸீஹா ஐறீனைப் பார்த்தாள். ஐறீனுக்கு முகம் சுட்டது.

"எனக்கா?"

"வத்தளைக்குப் போன கதைய சென்னார்."

போன நத்தார் பண்டிகைக்கு, புது லைசன்ஸோடு, ஐறீன் தனியாக வத்தளைக்கு ஓட்டிப் போனாள். கியர் மாற்றும்போது கார் நின்றுவிடுமோ என்ற பயத்தில், களனிப் பாலத்தையும் எஞ்சின் கத்தக் கத்த முதல் கியரிலேயே கடந்தாள். வீடு வந்தபோது பொனட்டிலிருந்து புகை வந்தது. பேர்னாட் ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு மாதம் எஞ்சினைப் பிரித்துப் போட்டிருந்தார். சாவியை அதற்குப் பிறகு அவள் கேட்கவுமில்லை.

"அதைச் சொல்லித்தான் சிரிச்சவரா?"

"ஓ. பாலத்துல பஸ்காரன் எல்லாம் ஹோர்ன் அடிக்க, நீங்க அவங்களுக்குக் கைய காட்டிட்டுப் போனீங்களாமே." பஸீஹாவின் உதடு ஒரு கணம் துடித்து அடங்கியது. "அவருக்குப் பொறகு நீங்க ஆட்டோவுக்குக் கை நீட்டி நிக்கக் கூடாதாம். மூவாயிரத்தி ஐந்நூறுல வைக்கச் சென்னார். நான்தான் நாலாயிரம் போட்ட. அவ்வளவு பயப்பட வேணாம், ஓட்டுவாங்க என்டு சென்ன."

அவர் தன்னை நம்பாத அந்த ஐந்நூறை ஐறீன் மனதுக்குள் கழித்துப் பார்த்தாள்.

"அவருக்குப் பிறகு என்டா? அறுபத்தாறு வயசுதானே."

பஸீஹா கண்ணாடியைக் கழற்றி அபாயா நுனியால் துடைத்தாள். "நெஞ்சு நோகுது என்டு ரமழானுக்கு முந்தியே சென்னவர். டொக்டரும் பயப்படுத்தின. வீட்டுல செல்லுங்க என்டு ஒவ்வொரு சனிக்கிழமையும் சென்ன, மிஸிஸ் பேர்னாட். அல்லாஹ்வுக்காக, சென்ன."

ஒழுங்கையில் யாரோ கதிரையை இழுத்த சத்தம் கேட்டது.

"எனக்குச் சொல்லல," என்றாள் ஐறீன்.

"மம்மி..." என்று ரெனால்ட் தோளைத் தொட்டான். அவள் விலகினாள்.

"இதைக் கழற்ற ஏலுமா?"

"ரெண்டு நிமிஷம். ஒரு வயர்தான்." பஸீஹா கைப்பையைத் திறந்தாள். சிவப்புப் பிடி போட்ட ஸ்குரூ டிரைவர் வெளியே வந்தது. அது பேர்னாட்டுடையது. பிடியில் அவருடைய பல் அடையாளம் இருந்தது. இரண்டு கையும் வேலையாக இருந்தால் அதை வாயில் கவ்வுவார். ஐறீன் அதைப் பஸீஹாவின் கையிலிருந்து வாங்கினாள். மூடியின் கிளிப்பைப் பார்த்தாள். பொனட்டை அறைந்து மூடினாள்.

மூன்று மணிக்குப் பெட்டியை மூடினார்கள். ஸ்குரூ டிரைவர் ஐறீனின் கைக்குட்டைக்குள் இருந்தது. குனிந்து அவருடைய நெற்றியில் முத்தமிட்டபோது ஏதோ சொன்னாள். பக்கத்தில் நின்ற ரெனால்டுக்கும் அது கேட்கவில்லை.

"சாவியைத் தா," என்றாள் வெளியே வந்து.

"மம்மி, இன்டைக்கு வேணாம். ஆக்கள் பாக்கினம்."

"பாக்கட்டும்."

பிணவண்டி ஊர்ந்து பிரதான வீதிக்கு ஏறியது. ஐறீன் பின்னால் போனாள். பக்கத்து இருக்கையில் ரெனால்ட் ஹேண்ட்பிரேக்கில் கை வைத்தபடி இருந்தான். துக்கத்துக்குக் கட்டிய வெள்ளைக் கொடிகள் முடிந்த இடத்தில் பிணவண்டி வேகம் எடுத்தது. அவளும் மிதித்தாள். மொறிஸ் உறுமி, நாலாயிரத்துக்குப் போய், விக்கத் தொடங்கியது.

"ரெண்டாவதுக்குப் போடுங்க மம்மி. காலை எடுத்து..."

கியரை நோக்கி வந்த அவன் கையைத் தட்டிவிட்டாள். காலை எடுக்கவில்லை. கார் முழுவதும் குலுங்கியது, அவளுடைய தோள்களும் குலுங்கின.

பின்கண்ணாடியில் ஒழுங்கை முனை தெரிந்தது. பஸீஹா இன்னும் அங்கே நின்று, தலையைச் சற்றுச் சாய்த்து, எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஐறீன் ஒரு கையைத் தூக்கி, கண்ணாடியை மேலே திருப்பினாள். அதில் காரின் கூரை மட்டும் தெரிந்தது.