வாசித்ததாகக் கொள்ளப்பட்டது

எங்கள் கட்சியின் கொள்கையைப் பத்தொன்பது வருடம் நான் பத்திரமாகப் பாதுகாத்து வந்தேன். அதாவது, அது இருந்த தகரப் பெட்டியைப் பாதுகாத்து வந்தேன். பெட்டியைத் திறந்து அதைப் படிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில், பிளம் ரிவர் கவுண்டி என்கிற சின்ன மாவட்டத்தின் கட்சிச் செயலாளர் நான்தான். பெயர் அர்லீன் குபிசெக். நானும் என் கணவர் வெர்னும் மாடு வளர்க்கிறோம். எங்கள் கவுண்டியில் இன்னொரு கட்சியும் உண்டு என்று சொல்வார்கள். தேர்தல் அன்று தவிர அதை யாரும் பார்த்ததில்லை.

வருடா வருடம் மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை, தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் மாநாடு. முதலில் ஜெபம், பிறகு கொடிக்கு உறுதிமொழி, அதன்பின் கொள்கை. ஐம்பதுகளில் இங்கிருந்த விவசாயிகள் பன்னிரண்டு விதிகளாக அதை எழுதி வைத்தார்கள். மாநாட்டில் தலைவர் அதை முழுக்க வாசிக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் அந்த நேரத்தில்தான் சமையலறையிலிருந்து பன்றித்தொடை வறுவலின் வாசனை வரும். அதனால் செயலாளராகிய நான் எழுந்து, "வாசித்ததாகக் கொள்ளலாம் என்று முன்மொழிகிறேன்" என்பேன். முன்வரிசையில் இருக்கும் எட்ஸெல் பிராஷ்கா, "வழிமொழிகிறேன்" என்பார். எல்லோரும் "ஆம்" என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுக்கப் போவோம். எட்ஸெலுக்கு எண்பத்தெட்டு வயது. இரண்டு காதும் மந்தம். யாராவது எழுந்து நின்று உட்கார்ந்தால் போதும், வழிமொழிந்துவிடுவார்.

இப்படித்தான் எங்கள் கொள்கை வருடம் தவறாமல் நிறைவேறிக்கொண்டிருந்தது.

இந்த வருடம் பிப்ரவரியில், எங்கள் மேய்ச்சல் நிலத்தின் நடுவே வரிசையாக, நில அளவைக்காரர்கள் நடும் ஆரஞ்சு நிறக் குட்டிக் கொடிகள் முளைத்தன. சோளத்திலிருந்து எரிபொருள் எடுக்கும் எத்தனால் ஆலையின் புகையைப் பிடித்து வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்ப் புதைக்க ஒரு கம்பெனி குழாய் போடுகிறதாம். நிலம் கொடுக்க மாட்டேன் என்று வெர்ன் சொல்லி ஒரு வருடம் ஆகிறது. இப்போது வந்த கடிதம், 'ஊர்ப் பொது நன்மைக்காக' கவுண்டியே நிலத்தை எடுத்துக் கம்பெனிக்குக் கொடுக்கலாம் என்றது. முடிவு கவுண்டி ஆணையர்கள் மூவர் கையில். மூவரும் எங்கள் கட்சி. மாநாடு சனிக்கிழமை எதைத் தீர்மானிக்கிறதோ, அதற்குத்தான் செவ்வாய்க்கிழமை கை தூக்குவார்கள்.

நான் நேரே தலைவர் கோர்டன் ஹாலஸ்காவிடம் போனேன். கோர்டனும் நானும் ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் போனவர்கள். சட்டைப் பையில் எப்போதும் அரசியல் சாசனத்தின் சின்னப் பிரதி வைத்திருப்பான். பேசும்போது அதைத் தட்டிக்கொள்வான். சிகரெட்டை விட்டவர்கள் பையைத் தட்டுவதுபோல இருக்கும்.

"கோர்டன், அரசாங்கம் நம்ம வீட்டு வாசலுக்கு வெளியதான் நிக்கணும்னு நாப்பது வருஷமா மேடையில பேசினியே. இப்ப அது என் மாட்டுக்கு நடுவுல நிக்குதே?"

"அர்லீன், இதெல்லாம் பெரிய இடத்து விஷயம்மா. மேலேருந்து சொல்லியிருக்காங்க."

"மேலேருந்து யாரு? கடவுளா?"

"கிண்டல் பண்ணாத. தலைநகர்ல இருக்கிற நம்ம ஆளுங்க. இது கொள்கை பேசுற காலமா சொல்லு. ஜெயிக்கிற காலம்."

"ஜெயிச்சுட்டுதானேடா இருக்கோம். நம்ம ஊர்ல எதிர்த்து நிக்க ஆளே இல்லையே."

அவன் பையைத் தட்டிவிட்டு, ஒரு அட்டையை எடுத்துக் காட்டினான். சனிக்கிழமை பழைய பன்னிரண்டு விதிகளையும் எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இதை வைக்கப் போகிறானாம். அதில் ஒரே வரி: 'தலைமை என்ன முடிவு எடுத்தாலும் அதற்குத் துணை நிற்போம்.'

"சுருக்கமா இருக்கு பாரு," என்றான் பெருமையாக.

வெளியே வந்தபோது அவனுடைய புது வெள்ளை வண்டி நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் குழாய்க் கம்பெனியின் தொப்பி. கோர்டன் அந்தக் கம்பெனிக்கு 'ஆலோசகர்' என்பது ஊருக்கே தெரியும். எனக்கும் இலையுதிர் காலத்திலிருந்தே தெரியும். அதற்கு முன்னால், கவுண்டிச் சாலைக்குச் சரளைக்கல் போடும் வேலை அவன் மைத்துனனுக்கு எப்படிக் கிடைத்தது என்பதும் தெரியும். நம்ம ஆள்தானே என்று எல்லோரும் இருந்தோம். நானும்தான் இருந்தேன்.

வீட்டுக்கு வந்து, கட்டிலுக்கடியிலிருந்து பெட்டியை இழுத்துத் திறந்தேன்.

வெர்ன் கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தான். "நம்ம வேலிக்குள்ள கொடி நட்டாத்தான் உனக்குக் கொள்கை ஞாபகம் வருமோ?"

"சும்மா இரு," என்றேன். ஆனால் அவன் சொன்னது சுருக்கென்று தைத்தது.

காகிதம் பழுத்திருந்தது. ஒன்று, கடவுள் பக்தி. இரண்டு, வரவுக்கு மேல் செலவு செய்யாத அரசாங்கம். மூன்று, மேடையில் பேசியதை வீட்டிலும் கடைப்பிடிப்பது. நான்காவது விதிக்கு வந்ததும் எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது. 'ஒருவன் லாபத்துக்காக இன்னொருவன் நிலத்தை எடுக்க இந்தக் கட்சி ஒருநாளும் கை தூக்காது.'

இது போதும் என்று காகிதத்தை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டேன். அங்கேதான் நான் தப்பு செய்தேன். அடுத்த பக்கத்தைப் புரட்டவில்லை.

சனிக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. எழுபது பேருக்கு மேல் இருக்கும். சமையலறை ஜன்னல் வழியாகப் பெர்னடீன் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பது வருடமாக அந்தச் சமையலறை அவள் ராஜ்யம். கவர்னரே வந்தாலும் ஷூவைத் துடைத்துவிட்டுத்தான் அவள் தரையில் கால் வைக்க முடியும். அன்றைக்குப் பன்றித்தொடை, பாலாடைக்கட்டி போட்டுச் சுட்ட உருளைக்கிழங்கு, கசகசா வைத்த கொலாச்சி ரொட்டி. சாப்பாட்டை அரை மணி தள்ளிப்போடும்படி பெர்னடீனிடம் காலையிலேயே கெஞ்சியிருந்தேன். ஏன் என்று கேட்டாள். சொன்னேன். "முக்கால் மணி தர்றேன்," என்றாள்.

ஜெபம் முடிந்தது. உறுதிமொழி முடிந்தது. கோர்டன் மேசையைச் சுத்தியலால் தட்டினான். "பழைய கொள்கையை நீக்கிட்டுப் புதுசை ஏத்துக்கிறோம். வழக்கம்போல பழசை வாசிச்சதா எடுத்துக்கலாம். செயலாளர் முன்மொழிவாங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எழுந்தேன். பத்தொன்பது வருடப் பழக்கம், நாக்கின் நுனியில் அந்த வார்த்தையே வந்து நின்றது. விழுங்கினேன்.

"தலைவர் அவர்களே, ஆட்சேபிக்கிறேன். முழுசா வாசிக்கணும்."

"வழிமொழிகிறேன்," என்றார் எட்ஸெல்.

கூடத்தில் சிரிப்பு. கோர்டன் சிரிக்கவில்லை. "அர்லீன், சாப்பாடு ஆறிடும்மா."

"ஆறாது," என்றாள் பெர்னடீன் ஜன்னலிலிருந்து. "அடுப்புலதான் இருக்கு."

ஒருவர் ஆட்சேபித்தாலும் தலைவர் வாசித்தே ஆக வேண்டும். கட்சிச் சட்டப் புத்தகத்தையும் பெட்டியிலிருந்த காகிதத்தையும் அவன் முன்னாலேயே வைத்திருந்தேன். வேறு வழியில்லாமல் மூக்குக் கண்ணாடியை மாட்டினான்.

மூன்றாவது விதியிலேயே குரல் இறங்கியது. நான்காவதை முணுமுணுத்தான்.

"கேக்கலை," என்றார் எட்ஸெல்.

"நிலம் பத்தின விதி," என்றான் கோர்டன்.

"அது தெரியும்யா. என்ன போட்டிருக்கு? சத்தமா வாசி."

சத்தமாக வாசித்தான்.  வரிசையாக உட்கார்ந்திருந்த மூன்று ஆணையர்களும் தங்கள் ஷூக்களைப் பார்த்தார்கள். வெர்ன் என் முழங்கையை லேசாக இடித்தான். எனக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம். வேலை முடிந்தது என்று உட்கார்ந்தேன்.

கோர்டன் பக்கத்தைப் புரட்டினான். ஐந்து, ஆறு, ஏழு, எட்டு என்று வேகமாக ஓடியவன், ஒன்பதில் நின்றுவிட்டான்.

"என்னப்பா ஆச்சு? எழுத்து அழிஞ்சு போச்சா?" என்று பின்னாலிருந்து யாரோ கேட்டார்கள்.

அவன் தொண்டையைச் செருமினான். "'கட்சிப் பதவியை வைத்துத் தனக்கு ஆதாயம் தேடிக்கொண்டவர் அந்த நேரமே பதவியை விட்டு இறங்குவார். அன்றைய விருந்தின் பாத்திரங்கள் முழுவதையும் அவரே...'"

"அவரே?" என்றாள் பெர்னடீன்.

"'...கழுவுவார்.'"

 பின்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். அவ்வளவுதான், கூடமே குலுங்கிச் சிரித்தது. நான் அவ்வளவு நாள் கட்சிக் கூட்டத்தில் கேட்ட சிரிப்பெல்லாம் அடுத்த கட்சிக்காரனைப் பற்றியது. எங்களைப் பார்த்து நாங்களே சிரித்தது அன்றுதான்.

ஆணையர் லோரன் எழுந்தார். பொதுவாக வாயைத் திறக்காத மனிதர். "கோர்டன், நேரடியா கேக்கறேன். குழாய்க் கம்பெனி உனக்குப் பணம் தருதா, இல்லையா?"

"ஆலோசனைக்குத் தர்றாங்க."

"என்ன ஆலோசனை சொன்னே?"

கோர்டன் கை சட்டைப் பைக்குப் போனது. தட்டவில்லை. பையின் மேலேயே வைத்துக்கொண்டான். "பிளம் ரிவர்ல யாரும் எதையும் வாசிக்க மாட்டாங்க, சீக்கிரம் முடிஞ்சிடும்னு சொன்னேன்," என்றான்.

கெட்டிக்காரனாக இருந்தால் வேறு ஏதாவது சொல்லியிருப்பான். ஆனால் பொய் சொன்னால் அவன் காது சிவந்துவிடும். பேருந்துக் காலத்திலிருந்தே அப்படி. எனக்கு அவன்மேல் இருந்த கோபத்தில் பாதி அங்கேயே போய்விட்டது.

தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. புதிய ஒற்றை வரிக்கு ஒரே ஒரு 'ஆம்'. அதுவும் எட்ஸெல். பக்கத்திலிருந்தவர் அவர் காதில் விஷயத்தைக் கத்தினார். "அப்படின்னா இல்லை," என்று எட்ஸெல் மாற்றிக்கொண்டார். பன்னிரண்டு விதிகளும் அப்படியே நின்றன.

சமையலறைக் கதவு திறந்தது. பெர்னடீன் வெளியே வந்தாள். அவள் கையில் பூப்போட்ட சமையல் ஏப்ரன் ஒன்று. கோர்டன் முன்னால் அதை நீட்டியபடி நின்றாள். அவனுக்குப் பக்கத்தில் வெளியே போகும் கதவு இருந்தது. அவன் அதை ஒருமுறை பார்த்தான். பிறகு சுத்தியலை மேசையில் வைத்துவிட்டுக் கோட்டைக் கழற்றினான்.

"பின்னால முடிச்சு யார் போடுறது?" என்றான்.

கைதட்டல் கூரையைத் தொட்டது. வெர்ன் போய் முடிச்சுப் போட்டான், கொஞ்சம் இறுக்கமாகவே.

"இருங்க," என்றாள் பெர்னடீன். காகிதத்தை எடுத்துக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "விதி இன்னும் முடியலை. 'தெரிந்திருந்தும் வாய் திறக்காதவர் துடைப்பார்.'"

சொல்லிவிட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து என்னிடம் நீட்டினாள். என் முகம் எரிந்தது. அவ்வளவு நேரம் நான் வெற்றி வீராங்கனை. கூடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்ல ஒரு கணம் போதும். யாரும் மறுத்திருக்கவும் மாட்டார்கள்.

"குடு," என்றேன். "இலையுதிர் காலத்துலேருந்து தெரியும். சரளைக்கல் விஷயம் அதுக்கும் முன்னாலேருந்து."

பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது. வெர்ன் எழுந்து நின்றான். "எனக்கும் தெரியும்." அடுத்து லோரன். பிறகு இன்னொரு ஆணையர். பிறகு வரிசை வரிசையாக எழுந்தார்கள். ஒருவர் எழுந்தால் பக்கத்தில் இருப்பவரால் உட்கார முடியவில்லை. கோர்டனின் மைத்துனனும் எழுந்தான். அவனைத் துடைக்க விடாமல் கழுவுகிற பக்கம் தள்ளிவிட்டார்கள்.

முதலில் சாப்பிட்டோம். கழுவப் பாத்திரம் வேண்டுமே. அந்த வருடம் எல்லோரும் வேண்டுமென்றே இரண்டு தட்டு எடுத்தார்கள். கோர்டன் முழங்கைவரை நுரையில் நின்றான். பெர்னடீனிடம் இருந்தது பதினோரு துண்டு. மற்றவர்கள் மேசை விரிப்பு, கைக்குட்டை, சட்டை நுனி என்று அகப்பட்டதை எடுத்துத் துடைத்தார்கள். ஒரு தட்டை மூன்று பேர் துடைத்தார்கள். யாரோ பாட ஆரம்பித்தார்கள். லோரன் ஒரு குழிக்கரண்டியைத் தேய்த்துக்கொண்டே என்னிடம், "செவ்வாய்க்கிழமை மூணு பேருமே இல்லைன்னுதான் சொல்லப் போறோம். பேசிட்டோம்," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கையில் துண்டு இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

"அர்லீன்," என்று கூப்பிட்டான் கோர்டன், திரும்பிப் பார்க்காமல். "அந்தக் கொடிகளை நானே வந்து பிடுங்கறேன்."

"மாடு முட்டும். பாத்து வா."

"முட்டட்டும்."

பாத்திரமெல்லாம் அடுக்கியான பிறகு, கூட்டக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். வருடா வருடம் எழுதும் வரிக்குப் பதிலாக, 'கொள்கை வாசிக்கப்பட்டது' என்று எழுதினேன். விரல் ஈரத்தில் மை கொஞ்சம் பரவியது. அதற்குக் கீழே கழுவியவர்கள் பெயர். அதற்கும் கீழே துடைத்தவர்கள் என்று போட்டு, முதலில் என் பெயரை எழுதினேன். பக்கம் நிறைந்து அடுத்த பக்கமும் நிறைந்தது.

எட்ஸெல் கோட்டை மாட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அவரை யாரும் சமையலறைப் பக்கம் கூப்பிடவில்லை. பாவம், இந்த மனுஷனுக்கு என்ன கேட்டிருக்கப் போகிறது என்று விட்டுவிட்டோம்.

"என்ன எழுதுற?" என்றார்.

அவர் காதருகே குனிந்து, "துடைச்சவங்க பேரு," என்றேன்.

அவர் காகிதத்தில் விரலால் மேலிருந்து கீழே தன் பெயரைத் தேடினார். பிறகு எனக்கு முன்னால் கையை நீட்டினார்.

"துண்டைக் குடு," என்றார். "எனக்குக் காதுதான் கேக்காது."