சீட்டுக்கு அடியில் ஒரு மாடக்குழி

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன் அண்ணாச்சி, அந்த மூடி பாட்டுக்கு கெடக்கட்டும், கழத்தாண்டாம்னு...”

“சொன்னவன் எதுக்குவே கழத்துனீரு? ஸ்பானரு பிடிச்ச கையி யாருது, எங்கையா?”

“ஃபோன்ல வீடியோவக் காமிச்சு, மூடியக் கழத்துனா வண்டி மூச்சு விடும், மேட்டுல சும்மா ஏறும்னு நீங்கதான...”

“மூச்சு விட்டுச்சாவே? எந்தம்பி காலு போச்சுவே!”

பட்டறைக்கார ஃபாரூக்கும் மாரிராஜும் ஒரே நேரத்தில் கத்தியதில் ஒருத்தர் சொன்னது இன்னொருத்தர் காதில் விழவில்லை. ராஜபாளையம் ரோட்டில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பட்டறைக்குப் பின்னால் தெருவில் தறிகள் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தன. இசக்கிச்செல்வி மருந்துக்கடைப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்திருந்தாள். பைக்குள் பஞ்சும் கட்டுத்துணியும் களிம்பும் இருந்தன. கொழுந்தன் நல்லகண்ணுவுக்குக் காலையும் மாலையும் கட்டு மாற்ற வேண்டும்.

சண்டைக்கு நடுவில் அந்த மோட்டார் பைக் நின்றது. குதிரை மாதிரி உயரம், காக்கா மூக்கு மாதிரி முன்னால் நீட்டிய மட்கார்டு. வாங்கி ஒரு வருசம்கூட ஆகவில்லை. இன்று லோடு ஆட்டோவில் படுக்கப்போட்டு, கயிறு கட்டி, பனவடலிசத்திரத்திலிருந்து கொண்டு வந்திருந்தார்கள். நின்றுபோன நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. வீட்டில் எல்லாரும் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்கும் ஊருக்குமாக அலைந்துகொண்டிருந்தபோது வண்டியைப் பார்க்க யாருக்கு நேரம்?

அவள் புருசன் மாரிராஜ் ஆசைப்பட்டு வாங்கிய வண்டி. ஆட்டுக்கிடை எந்தக் காட்டில் கிடந்தாலும் போய்த் திரும்ப வேண்டும். மழை பெய்தால் கரிசல்மண் சாதா வண்டியின் சக்கரத்தில் அப்பிக்கொண்டு உருளவே விடாது. “அவசர ஆத்தரத்துக்குக் கிடைக்குப் போவணும்ட்டி” என்று சொல்லித்தான் வாங்கினான். அப்புறம் ஒவ்வொன்றாக மாட்டினான். பட்டன் பட்டனாகத் துருத்திக்கொண்டிருக்கும் டயர். கல் அடிக்காமல் இன்ஜினுக்குக் கீழே ஒரு தகடு. உடைமுள் கிழிக்காமல் இரண்டு கைப்பிடிக்கும் கவசம். கடைசியாக, சீட்டுக்கு அடியில் காற்றுப் போகிற பெட்டியின் மூடியைக் கழற்றச் சொல்லி, பழைய ஃபில்டருக்குப் பதில் பஞ்சு ஃபில்டர் போட்டான். எல்லாம் ஃபாரூக் கையால்தான்.

பராமரிப்பிலும் குறை சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமையானால் செயினை மண்ணெண்ணெயில் துடைப்பான். பஞ்சைச் சோப்புத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, எண்ணெயில் தோய்த்துப் பிழிந்து வைப்பான். நல்லகண்ணு அதைப் பார்த்துச் சிரிப்பான். “மயினி, அண்ணன் உனக்கு என்னைக்காவது தலைக்கு எண்ண வச்சுவிட்டிருக்கானா? பாத்துக்கோ, மூத்தாளு நீயா அதுவான்னு!”

“நீ கெட்டிக்கிடுதவளுக்கு வச்சு விடு மக்கா, நானும் பாக்குதேன்” என்பாள் அவள்.

அப்போது ராயகிரியில் ஒரு பெண் பார்த்து வைத்திருந்தார்கள். இப்போது அந்த வீட்டார் ஃபோனை எடுப்பதில்லை.

ஆடித் தபசுத் திருவிழா முடிந்த வாரம் அது. கிடை ராயகிரிப் பக்கம் ஒரு தரிசுக்காட்டில் கிடந்தது. விடிந்தும் விடியாமல் தூக்குச்சட்டியில் காப்பியோடு போன மாரிராஜ், கிடையில் காவல் கிடந்த தம்பி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத்தான் பார்த்தான். கிடை வலையைச் சுருட்டும்போது கண்ணாடிவிரியன் போட்டுவிட்டது. பின்னால் ஏற்றி, துண்டால் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கிளம்பினான். ஓடை தாண்டியதும் வண்டி திணறியது. மேடு ஏறும்போது இருமியது. தார் ரோடு வரும் முன்னே நின்றேவிட்டது. உதைத்தான், தள்ளினான், அதைக் கெஞ்சினான். சுற்றிலும் வேலங்காடு, ஃபோனில் சிக்னல் இல்லை. தம்பியை முதுகில் போட்டுக்கொண்டு ஓடி, தார் ரோட்டில் பால் வண்டி ஒன்று நிற்கிறவரைக்கும் விஷம் யாருக்காகக் காத்திருக்கும்? உயிர் தங்கியது. கணுக்காலுக்கு மேலே எடுத்துவிட்டார்கள். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் காலோடு வீட்டுக்குப் போயிருப்பான் என்று ஆஸ்பத்திரியில் ஒருத்தர் சொன்னார். அந்தச் சொல்தான் மாரிராஜைத் தூங்கவிடாமல் அரித்தது. வண்டி ஏன் நின்றது? யாரால் நின்றது?

“தொறந்து பாப்போம் அண்ணாச்சி” என்றான் ஃபாரூக். “எம்மேல தப்புன்னா இந்தப் பட்டறைக்கு நானே பூட்டுப் போடுதேன். தொறக்காமப் பேசாதிய.”

“தொறவே. நானும் பாக்குதேன்.”

சீட்டைக் கழற்றினான். குனிந்தான். விரலை உள்ளே விட்டு எடுத்தான். விரல் நுனியில் களி மாதிரி ஒன்று ஒட்டியிருந்தது.

“என்னவே அது?”

“மண்ணு. எண்ணையில கொழஞ்சு பஞ்ச அடச்சிருக்கு. தேச்ச சந்தனம் மாதிரில்லா அப்பிக் கெடக்கு. வண்டிக்கு மூச்சே போவல அண்ணாச்சி, மூக்கப் பொத்துனாப்ல நின்னுருக்கு.”

“அதான் சொல்லுதேன்! மூடி இருந்தா புழுதி போயிருக்குமா?”

“புழுதியா? நம்ம காட்டுப் புழுதி கருப்பு. இதப் பாருங்க, செவலையா மாவு கணக்கா இருக்கு. இது காத்துல வந்த மண்ணு இல்ல.”

அவன் பஞ்சை உருவி எடுத்தபோது அதோடு ஒரு துண்டு மஞ்சள் துணியும் வந்தது. கிழிந்து, எண்ணெயில் ஊறி, ஓரத்தில் முடிச்சு மட்டும் அவிழாமல் இருந்தது.

இசக்கிச்செல்விக்கு அந்த முடிச்சு தெரியும். அவள் விரல் போட்ட முடிச்சு.

தபசு பார்த்துவிட்டு வரும்போது கோயிலில் புற்றுமண் வாங்கி வந்தாள். பாம்பு, பூரான் அண்டாது, மேலுக்கு வந்த புண் ஆறும் என்று ஊரே வாங்கிப் போகிற மண். கிடைக்குப் போகிற வண்டி, புதருக்குள்ளும் பொந்துக்குள்ளும் போகிற வண்டி. கொஞ்சத்தை மஞ்சள் துணியில் முடிந்து, மாரிராஜ் குளிக்கப் போன நேரம் சீட்டைத் திறந்தாள். உள்ளே, எதிர்த்தாற்போல் சதுரமாக ஒரு வாய் திறந்திருந்தது. விளக்கு வைக்கிற மாடக்குழி மாதிரி அத்தனை தோது. ஆத்தாவை வைக்கவென்றே யாரோ செய்து வைத்த இடம் என்றுதான் நினைத்தாள். உள்ளே தள்ளி வைத்து, கையெடுத்துக் கும்பிட்டு, சீட்டை மூடினாள். துணியோ நைந்துபோன பழஞ்சேலைக் கிழிசல். இன்ஜின் குலுக்கின குலுக்கில் எத்தனை நேரம் தாங்கும்?

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள், ‘ஆத்தா, நீ வண்டியிலதான இருந்த, ஏன் கைவிட்ட?’ என்று. அதற்கான பதில் இப்போது ஃபாரூக்கின் கையில் இருந்தது.

“அது நான் வச்சது” என்றாள்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“என்னட்டி?”

“புத்துமண்ணு. தபசு முடிஞ்ச மறுநாளு நாந்தான் வச்சேன். அந்தத் தம்பிய ஏசாதிய. நான் வச்ச மண்ணுதான் வண்டிய நிறுத்தியிருக்கு.”

மாரிராஜ் முகம் ஒரு கணம் வெளுத்தது. அப்புறம் சிவந்தது.

“கோட்டி பிடிச்சிருக்காட்டி ஒனக்கு? ஆத்தா மண்ணு வண்டிய நிறுத்துமா?”

“துணி கிழிஞ்சு...”

“ஆத்தா மண்ணு எந்தம்பி கால வாங்குமாட்டி? சொல்லு! வாய் கூசாமச் சொல்லு!”

“ஆத்தா வாங்கலங்க. நான் வச்ச எடம் தப்பு. கண்ணால பாக்கீயள்லா, பஞ்சப் பாருங்க...”

“வாய மூடுட்டி! இன்னொரு தடவ அந்தப் பேச்ச எடுத்த, வீட்டு வாசப்படி ஏறக்கூடாது. வே ஃபாரூக், நீரு சொல்லும். அந்த மண்ணாலயா நின்னுச்சு? சொல்லும்வே!”

ஃபாரூக் மஞ்சள் துணியைப் பார்த்தான். ரோட்டைப் பார்த்தான். டீக்கடையில் இரண்டு மூன்று பேர் கிளாஸோடு திரும்பி நின்றார்கள்.

“நான் என்னத்த அண்ணாச்சி சொல்ல?”

“சொல்லும்னா!”

“தூசி போயிருக்கு. அவ்வளவுதான். என்ன தூசின்னு நான் சொல்லக்கூடாது. நான் சொன்னா அது வேற பேச்சாப் போவும்.”

“அப்போ மூடியக் கழத்துனதுதான் தப்பு.”

ஃபாரூக் கழிவுத்துணியில் விரலைத் துடைத்தான். துடைத்த துணியைக் கீழே போடப் போனவன், என்ன நினைத்தானோ, மடித்து ஜன்னல் மேலே வைத்தான்.

“சரி” என்றான். “மூடியக் கழத்துனதுதான் தப்புன்னு வச்சிக்கிடுங்க.”

“வச்சிக்கிடுதது என்னவே, அதுதான்! ஒம்ம பட்டறையில இனி எங்க ஊருக்காரன் ஒருத்தன் வண்டி ஏறாது பாத்துக்கிடும்.”

லோடு ஆட்டோக்காரனைக் கூப்பிட்டு, திறந்த சீட்டோடு வண்டியை மறுபடி ஏற்றினான். இசக்கிச்செல்வி கிட்டே போய் மெல்லச் சொன்னாள், “தம்பி, நான் உண்மையத்தான சொன்னேன்?”

“நீங்க சொன்னது எங்காதுல விழவே இல்லக்கா” என்றான் ஃபாரூக். “நீங்களும் இனி யார்ட்டயும் சொல்லாதிய. வீட்டுக்குப் போங்க.”

உண்மையைச் சொன்னால் பாரம் குறையும் என்பார்கள். குறையவில்லை. வாங்கிக்கொள்ள ஆளில்லாமல் அது அவள் கைக்கே திரும்ப வந்துவிட்டது.

ஊர் வந்து சேர்ந்ததும் மாரிராஜ் வண்டியைத் தொழுவத்து ஓரத்தில் இறக்கி, உரச்சாக்கால் மூடினான். முன்வீட்டில் கட்டிலில் கிடந்த நல்லகண்ணு தலையைத் தூக்கினான்.

“என்னண்ணே, வண்டி என்ன சொல்லுது?”

“ஃபாரூக்குப் பய செஞ்ச வேலைதாம்ல.”

“பாவம்ணே. நல்ல வேலைக்காரன். ஏதோ நேரம்.”

“நீ சும்மா கெடல!” என்றுவிட்டு மாரிராஜ் கம்பை எடுத்துக்கொண்டு கிடைக்கு நடந்தான். இப்போதெல்லாம் நடைதான்.

இசக்கிச்செல்வி வெந்நீர் கொண்டுவந்து கட்டிலோரம் உட்கார்ந்தாள். பழைய கட்டைப் பிரித்தாள். தையல் போட்ட ஓரத்தில் ஓரிடம் மட்டும் ஆறாமல் கசிந்துகொண்டே இருந்தது.

“எரியுதா?”

“எரியல. இல்லாத பெருவிரலு அரிக்கி மயினி. சொறியலாம்னு கைய விட்டா கட்டிலுதான் இருக்கு.” சிரிக்கப் பார்த்தான். “அந்த விரலு மட்டும் ராயகிரிக்குப் பொண்ணு பாக்கப் போயிருக்கும் போல.”

அவளால் சிரிக்க முடியவில்லை. பஞ்சை நனைத்துத் துடைத்தாள்.

“நல்லகண்ணு...”

“என்ன மயினி?”

“வண்டி நின்னது இருக்குல்லா... அது ஃபாரூக்கால இல்ல மக்கா.”

“யாரால நின்னா என்ன மயினி இனி? போனது மொளைக்கவா போவுது? அண்ணன்ட்ட அந்தப் பேச்ச எடுக்காத, அவன் சோறே திங்க மாட்டாங்கான்.”

“இல்ல, நான் சொல்லுதத ஒரு நிமிசம் கேளு...”

“நீ மொதல்ல நான் சொல்லுதத கேளு. இந்தக் களிம்பு என்னமும் கேக்கல. ஒனக்குச் சாமிமேல உள்ள நம்பிக்கையக் கண்டு நான் எத்தன நாளு கேலி பண்ணிருக்கேன், அதுக்கெல்லாம் இப்பம் அனுபவிக்கேன்.”

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டான். குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“தபசுக்கு வாங்குன புத்துமண்ணுல கொஞ்சமாவது மிச்சம் வச்சிருப்பியே மயினி, அத எடுத்தாந்து இதுல பூசி விடு.”