ராணியம்மாவின் டப்பா

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் என் வயிறு பேச ஆரம்பித்துவிடும். முதலில் முனகும், அப்புறம் உருளும், கடைசியில் மாடி வீட்டில் யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி ஒரு சத்தம். வேறு வேலையில் இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. நான் டப்பிங் பேசுகிறவள். திரையில் நடிகை வாயசைப்பாள், நான் கண்ணாடி அறைக்குள் நின்று அவளுக்குக் குரல் கொடுப்பேன். வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் நிற்கும் மைக் வயிற்றையும் விட்டுவைக்காது.

எங்கள் ஸ்டுடியோவில் ராணி வேஷம் எது வந்தாலும் பேசுகிறவர் ராணியம்மா. எனக்கு அவர் அக்கா. கூடப்பிறந்தவர் இல்லை, வாய் நிறைய அப்படிக் கூப்பிட்டுப் பழகிவிட்டேன். நான் அவருக்குப் பொடிசு.

புது சீரியலின் கதாநாயகிக்குக் குரல் தேடினார்கள். எங்கள் இரண்டு பேரையும் பேசிக்காட்டச் சொன்னார்கள். அன்று மத்தியானம் அக்கா ஒரு பெரிய டப்பாவைத் திறந்து வைத்தார். முட்டைக்கோஸும் மொச்சையும் வெங்காயமும் எண்ணெயில் மிதந்தன.

"நல்லா சாப்பிடு பொடிசு. வெறும் வயித்தோட நின்னா குரலே எழும்பாது," என்று அள்ளி அள்ளிப் போட்டார். தான் மட்டும் ஒரு வாழைப்பழத்தோடு நிறுத்திக்கொண்டார். என்மேல் இவ்வளவு பாசமா என்று உருகிப்போய்த் தட்டை வழித்தேன்.

செத்துப்போன கணவனின் காலடியில் உட்கார்ந்து மனைவி பேசுகிற காட்சி. பேச்சுக்கூட இல்லை, முணுமுணுப்பு. "ஒரு தடவ கண்ணத் திறந்து பாருங்களேன்" என்று சொல்லிவிட்டு மூச்சை அடக்க வேண்டும். அடக்கினேன். பீரோ நகர்ந்தது.

"என்னம்மா, பொணம் பதில் சொல்லுது?" ஸ்பீக்கரில் டைரக்டர் கேட்டார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

அக்கா சோடா பாட்டிலோடு ஓடி வந்து என் முதுகைத் தடவினார். "குடிம்மா. எல்லாம் இறங்கிடும்." மடமடவென்று குடித்தேன். அடுத்த டேக்கில் 'கண்ணத் திறந்து' என்பதற்கும் 'பாருங்களேன்' என்பதற்கும் நடுவில் ஏப்பம் வந்தது. கதாநாயகி வேஷம் அக்காவுக்குப் போனது.

கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கழிவறைக்குப் போனேன். பக்கத்துக் கதவுக்குள்ளே அக்கா போனில் பேசிக்கொண்டிருந்தார். "அவளுக்குப் போட்டியா நான் எதுக்குடி பேசணும்? முட்டைக்கோஸ் போட்டா போதும். வயிறே வசனம் பேசிடும்."

அங்கேயே கதவைத் தட்டிச் சண்டை போட்டிருக்கலாம். போட்டால் ஒரு அழுகை அழுவார், டைரக்டர் அவரைச் சமாதானப்படுத்துவார், நான் பொல்லாதவள் ஆவேன். அதனால் வாயை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ஆனால் விடுவதாக இல்லை.

முதலில் என் வயிற்றைப் படித்தேன். பேசிக்கொண்டே சாப்பிட்டால் காற்றும் சேர்ந்து உள்ளே போகிறது என்று தெரிந்தது. சோடாவைத் தொடக்கூடாது. கொஞ்சமாக எடுத்து, கூழாகும்வரை மென்று, வெந்நீரை வாய் வாயாகக் குடித்துவிட்டு வராந்தாவில் மெல்ல நடந்தால் அடங்குகிறது. ஒவ்வொரு வாய்க்கும் அக்காவை நினைத்துக்கொண்டுதான் மென்றேன். அதனாலோ என்னவோ, நன்றாகவே மென்றேன்.

சீரியலின் முதல் எபிசோடுக்குக் குரல் பதிகிற நாள் வந்தது. சாயங்காலத்துக்குள் சேனலுக்கு அனுப்பியாக வேண்டும். முதல் எபிசோடில் யார் குரல் போகிறதோ, கடைசி எபிசோடு வரைக்கும் அதுதான். நடுவில் மாற்றினால் பார்க்கிறவர்கள் சும்மா விடமாட்டார்கள். எனக்குக் கிடைத்திருந்தது வேலைக்காரி வேஷம், "வந்துட்டேம்மா" என்று ஒரே வரி.

சாப்பாட்டு மேஜையில் அதே டப்பா, எதற்கும் இருக்கட்டும் என்று என் பக்கமாகத் திறந்திருந்தது. டைரக்டர் எதிரில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா எல்லாருக்கும் போடுறாங்களே தவிர, சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல சார்," என்றேன். "இன்னிக்கு நான் போடறேன், அவங்க சாப்பிடட்டும்."

"எனக்கு வேணாம் பொடிசு, நீ சாப்பிடு."

"அட, என்னம்மா," என்றார் டைரக்டர். "நீங்க சமைச்சத நீங்களே சாப்பிட மாட்டீங்களா? உள்ள என்ன போட்டிருக்கீங்க?"

விளையாட்டாகத்தான் கேட்டார். அக்காவின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. என்ன காரணம் சொல்லி மறுப்பார்? நான் ஒரு கரண்டி போட்டேன். சிரித்துக்கொண்டே சாப்பிட்டார். இன்னொன்று போட்டேன். "நீங்க நல்லா சாப்பிட்டாத்தான் அக்கா, எனக்கு வயிறு நிறையும்." டப்பா காலியாகும்வரை என் கை நிற்கவில்லை. அவ்வளவு ஆனந்தமாக நான் யாருக்கும் பரிமாறியதில்லை.

அதே காட்சிதான் முதலில் வந்தது. நான் கண்ணாடிக்கு வெளியே டைரக்டருக்குப் பின்னால் போய் நின்றேன், அப்புறம் யாரும் என் வயிற்றைச் சொல்லக்கூடாதே. அக்கா குரலைக் குழைத்து, "ஒரு தடவ கண்ணத் திறந்து பாருங்களேன்" என்றார். மூச்சை அடக்கினார். ஸ்பீக்கரில் பீரோ என்ன, வீட்டுச் சாமான் மொத்தமும் நகர்ந்தது.

இன்னொரு டேக் போனார்கள். அதற்கடுத்ததும் போனார்கள். கடைசியில் டைரக்டர் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இந்தத் தடவை ஒருவரும் சிரிக்கவில்லை.

"நேரமில்ல. நீங்க வெளிய வாங்கம்மா," என்றவர் என் பக்கம் திரும்பினார். "உன் வயிறு எப்படி இருக்கு?"

"அமைதியா இருக்கு சார்."

"அப்ப உள்ள போ."

அக்கா அடிவயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். நெற்றி வேர்த்திருந்தது. என் கையைப் பற்றி, மற்றவர்களுக்குக் கேட்காமல், "பொடிசு, உனக்குத் தெரியும்ல. என்ன பண்ணா இது நிக்கும்?" என்று கேட்டார்.

எனக்குத் தெரியும். வெந்நீர் என் பிளாஸ்கில் இருந்தது, வராந்தாவும் காலியாகத்தான் இருந்தது. பையைத் திறந்து, காலையிலேயே வாங்கி வைத்திருந்த சோடா பாட்டிலை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"குடிங்கக்கா. எல்லாம் இறங்கிடும்."

அவர் பாட்டிலைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.