‘செட்’ முடிந்ததும் கல்யாணம்

1

ஒப்புக்கொள்கிறேன், இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. இங்கிலாந்தில் யார்க் நகரத்தில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் ‘செட்’ என்ற பொடி இங்கிலீஷ் சொல் எனக்குப் பிடிபடவில்லை. அகராதியைப் புரட்டினால் அர்த்தம் பக்கம் பக்கமாகப் போகிறது. சூரியன் மறைந்தால் செட், ஜெல்லி உறைந்தால் செட், உடைந்த எலும்பைக் கூட்டினால் செட், ரேடியோப் பெட்டி செட், கட்டின பல்வரிசையும் செட். இதை உட்கார்ந்து எழுதின புண்ணியவான் வீட்டில் அடுப்பு எரிந்திருக்குமா என்று யோசித்தேன். அந்த யோசனையில்தான் ஹெஸ்டர் வந்தாள்.

2

1934. ஹெஸ்டர் ஜன்னலோரம் நின்று பெருமூச்சு

(வேண்டாம். பெருமூச்சு விடுகிற ஆளில்லை இவள்.)

அகராதி அலுவலகத்தில் ‘செட்’டை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். ரயில்வே குமாஸ்தா ஆர்னல்ட் அவளுக்காக வருஷக்கணக்கில் காத்திருந்தான். “இந்தச் சொல்லு முடியட்டும், கட்டிக்கலாம்” என்பாள். சொல் முடிகிற வழியாக இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆர்னல்ட் வீட்டில் தேநீர்.

“அடக் கடவுளே, ஜெல்லி செட் ஆகலையே!” என்றாள் அவன் அம்மா.

ஹெஸ்டர் கைப்பையிலிருந்து அகராதிக்கு உதாரண வாக்கியம் எழுதும் சீட்டை எடுத்தாள். “இன்னொரு தடவை சொல்லுங்க மிஸஸ் கிட்சன். அந்த ‘அடக் கடவுளே’வோட.”

வாசல்வரை வழியனுப்ப வந்த ஆர்னல்டுக்குப் பொறுமை போய்விட்டது.

“ஹெஸ்டர், இன்னிக்காவது தேதி செட் பண்ணிடலாமா?”

அவள் கண் விரிந்தது. சம்மதம்தான் என்று அவன் நினைத்தான். அவள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தாள்.

“அடிப்பாவி! நான் கல்யாணத்தப் பத்திக் கேக்குறேன், நீ உதாரணம் எழுதுற!”

“நல்ல உதாரணம் ஆர்னல்ட். உன் பேரையும் போட்டுடறேன்.”

3

உங்களிடம் ஒன்றை மறைத்துவிட்டேன். சொல் போன மாதமே முடிந்துவிட்டது. இன்னும் இழுக்கிறது என்று ஊரெல்லாம் புளுகிக்கொண்டிருக்கிறாள், சீட்டில் எழுதியதும் அந்த நாடகத்துக்குத்தான். கல்யாணமான பெண்ணுக்கு அந்த அலுவலகத்தில் நாற்காலி கிடையாது. அவளுக்கு ஆர்னல்டும் வேண்டும், நாற்காலியும் வேண்டும். இதில் என்ன தப்பு?

முடிவு அ: கட்டிக்கொள்கிறாள். அடுத்த பெரிய சொல்லைப் பக்கத்து மேசை பென்வெல் வாங்கிக் குதறுகிறான். அவள் வீட்டில் காலுறை தைக்கிறாள். (எழுதும்போதே எனக்கு வயிறு எரிந்தது.)

முடிவு ஆ: மாட்டேன் என்கிறாள். ஆர்னல்ட் மழையில் நனைந்துகொண்டே

(இந்த வரியை அடித்துவிட்டேன். அவன் பாவம்.)

4

ஆகவே அதே வாசலுக்கு வாருங்கள். ஹெஸ்டரே வாயைத் திறந்துவிட்டாள்.

“சொல்லு முடிஞ்சாச்சு ஆர்னல்ட். நான்தான் வெளிய சொல்லல. உன்னக் கட்டிக்கிட்டா வேலை போயிடும்.”

“இதுக்கா என்னை இழுத்தடிச்ச?”

“உனக்குக் கல்யாணம்னா உங்க ஆபீஸ்ல என்ன செய்வாங்க?”

“கேக் வெட்டுவாங்க. சம்பளத்தக் கூட்டுவாங்க” என்று சிரித்தான்.

அவள் சிரிக்கவில்லை. அவன் சிரிப்பும் பாதியில் நின்றது.

இப்போது அவன் ஏதாவது சொல்லியாக வேண்டும். எனக்குத் தோன்றிய பதில்களையெல்லாம் எழுதி எழுதி அடித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் விட்டுக்கொடுத்தது அவள்தான், அதற்குத் தியாகம் என்று பேர் வைத்தது நான்தான். வெட்கமாக இருக்கிறது. அவன் வாயில் வார்த்தையை இனி நீங்கள் போடுங்கள். பார்த்துப் போடுங்கள், அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.